தையல் கடையில் படித்த கடிதம்

பிப்ரவரி 6

அன்புள்ள தையல்காரிக்கு,

இங்கே நானும் சுவரும் சுகம். அங்கே நீயும் உன் மிஷினும் எப்படி?

நம் மனைக்கு நம்பர் பதினொன்று. இருபத்து நாலு மனை அளந்து கல் நட்டிருக்கிறார்கள். ஆள் இருப்பது இரண்டில்தான். பதினொன்றில் நான், பன்னிரண்டில் ஒரு தச்சரும் அவர் மனைவியும். குடியேற்ற ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு குமாஸ்தா, ஒரு மேஜை, சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பூங்கா எல்லாம் பச்சையும் நீலமுமாகப் போட்டிருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். நான் தினமும் ஆபீசுக்குப் போய் அந்தப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் வந்த பிறகுதான் வண்டி ஏறுவேன் என்று சொல்லி அனுப்பினாய். வந்துவிட்டது. நாற்பதடியில் வந்துவிட்டது. நல்ல இனிப்புத் தண்ணீர், பருப்பு பத்து நிமிஷத்தில் வேகும். காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தால் என் முகம் தெரிகிறது, அது ஒன்றுதான் குறை. காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு வேளை குளிக்கிறேன். வீட்டுச் சுவர் மார்பு உயரம் வந்துவிட்டது. ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று நீ வந்து சொன்னால் நல்லது.

ஆபீஸ் விதி உனக்குத் தெரியும். ஜூன் முப்பதுக்குள் கணவனும் மனைவியுமாக மனையில் குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டா ரத்து. குமாஸ்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வீட்டம்மா எப்ப வராங்க?" என்று கேட்கிறார். என்னமோ நான் உன்னைப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி.

இது உனக்கு மட்டும்: சாப்பிடுகிற தட்டு ஒன்றுதான் வைத்திருக்கிறேன். இன்னொன்று வாங்கக் கை வரவில்லை. நீ வந்து, "இவ்வளவு நாளா ஒரு தட்டு வாங்க முடியலையா?" என்று திட்டிவிட்டு வாங்க வேண்டும்.

உன்,
கொத்தனார்


பிப்ரவரி 17

அன்புள்ள கொத்தனாருக்கு,

கடிதம் வந்தது. நான் சுகம். மிஷினுக்குத்தான் பெல்ட் தேய்ந்துவிட்டது.

தெருவை விட்டுப் போன யார் கடிதம் போட்டாலும் அது நம் தையல் கடையில்தான் படிக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. தபால்காரர் எனக்குக் கவரைக் கொடுக்கும்போதே கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். எதிர் சலூனிலிருந்து என் அண்ணன், ஒரு பக்கம் சோப்பு போட்ட ஆளை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு வந்தார். எலெக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் வந்தார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கி வைத்துவிட்டு வந்தார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

தட்டு விஷயத்தைப் படிக்கவில்லை. மற்றதெல்லாம் படித்தேன். இரண்டு வேளை குளிக்கிற இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள். உங்களைக் குளிக்க வைக்க நான் பட்ட பாடு இந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் நாற்பதடியில் இனிப்புத் தண்ணீர் என்றதும் எல்லோரும் ஸ்டூலுக்குக் கிட்டே நெருங்கி வந்தார்கள். பதினாலு வீட்டுக்கு ஒரு குழாயை வைத்துக்கொண்டு தினமும் குடத்தால் அடித்துக்கொள்கிறவர்கள். எலெக்ட்ரீஷியன் மனைவி, "அந்த வரிய இன்னொரு வாட்டி படிங்கக்கா," என்றாள். படித்தேன்.

மறுநாளே ஆறு பேர் குடியேற்ற விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார்கள். அண்ணனும் ஒருவர். அண்ணிக்கு இது அஞ்சாம் மாசம். குழாயடியில் குடம் தூக்க விடக்கூடாது என்று அண்ணன் தானே போய் வரிசையில் நிற்கிறார், ஒரு கையில் குடம், ஒரு கையில் சவரக்கத்தி. "மாப்பிள்ள கிணறே வெட்டிட்டாரு, நாம இங்க குழாயடியில பல்லைக் காட்டிட்டு நிக்கணுமா?" என்கிறார்.

எனக்குச் சில விவரம் வேண்டும். கோடையில் கிணறு எத்தனை குடம் கொடுக்கும்? கைப்பிடிச் சுவர் கட்டியாயிற்றா? கப்பி போட்டிருக்கிறீர்களா, கையால் இழுக்கிறீர்களா?

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் எப்போதும் மூன்றாவது வரியில் ஏதாவது ஒரு குறை இருக்கும். சாந்து சரியில்லை, செருப்பு அறுந்தது, எவனோ கடப்பாரையை வாங்கிப் போய்த் தரவில்லை என்று. இந்தத் தடவை ஒன்றுமே இல்லை. மனுஷன் மாறிவிட்டாரா என்று அண்ணி கேட்கிறாள்.

உங்கள்,
தையல்காரி


பிப்ரவரி 27

அன்புள்ள தையல்காரிக்கு,

நான் உனக்கு எழுதினேனா, தெருவுக்கு எழுதினேனா? புருஷன் பெண்டாட்டிக்குப் போடுகிற கடிதத்தைச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவன்கூடக் கேட்க வேண்டுமா?

சரி, படித்தது படித்தாயிற்று. அவர்களிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல். இது இன்னும் ஊர் இல்லை. பஸ் ஆறு மைலுக்கு அப்பால் நிற்கிறது. அடுத்த மழை முடிந்து, பாதை கொஞ்சம் கெட்டியான பிறகு வரலாம். மச்சானிடம் தனியாகச் சொல், நாற்காலியை இப்போது விற்க வேண்டாம். இங்கே முடி வெட்டுவதற்குத் தலை வேண்டாமா? இருப்பது நாலு தலை, அதில் குமாஸ்தா தலை ஏற்கெனவே வழுக்கை.

ஆறு விண்ணப்பம் என்று சொன்னதிலிருந்து குமாஸ்தா எனக்கு நாற்காலி போடுகிறார். பத்துக் குடும்பம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் பெரிய ஆபீசிலிருந்து போர் போடுகிற மெஷின் ஒரே மாதத்தில் வந்துவிடுமாம். பாறையா, மண்ணா என்று பார்க்காமல் முன்னூறு அடி இறங்குமாம். பிறகு குழாய், பிறகு ரோடு. உத்தரவுத் தாளை எடுத்து எனக்கே காட்டினார்.

நீ மட்டும் ஜூனுக்குள் வந்துவிடு. மற்றவர்கள் மெதுவாக வரட்டும்.

கொத்தனார்


மார்ச் 8

கொத்தனாருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் கேட்ட ஒரு கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

இதையும் கடையில் படிக்க வேண்டியதாயிற்று. தபால்காரர் கையில் பார்த்துவிட்டார்கள், ஒளிக்க முடியவில்லை. அவசரப்பட வேண்டாம் என்ற இடம் வந்ததும் இஸ்திரிக்காரர், "நல்ல இடத்த ஒருத்தரே அமுக்கிக்கப் பாக்குறாரு," என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இவர்களுக்கு ஆசை கூடுகிறது. விண்ணப்பம் இப்போது ஒன்பது ஆகிவிட்டது. நம்மோடு பத்து.

அண்ணன்தான் ரொம்பச் சங்கடப்பட்டார். "மாப்பிள்ளைக்கு நான் வர்றது புடிக்கலையா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். நாற்காலியைப் போன வெள்ளிக்கிழமையே விற்றுவிட்டார். அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து தூக்கிப் போனார்கள். தூக்குவதற்கு முன்னால் தலை சாய்க்கிற இடத்தை ஈரத்துணி போட்டுத் துடைத்துக் கொடுத்தார். சலூன் அறையையும் மாத முடிவில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்.

எலெக்ட்ரீஷியனும் மனைவியும் இருபத்து ரெண்டாம் தேதி கிளம்புகிறார்கள். அவர்களுக்குப் பொறுமை இல்லை. மற்றவர்கள் ஏப்ரலில்.

நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன். இனிப்புத் தண்ணீர்க் கிணறு இருக்கிற இடத்துக்குப் போர் மெஷின் எதற்கு? முன்னூறு அடி எதற்கு?

கட்டிங் மாஸ்டரும் கவனித்திருப்பார். என்னைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பவும் துணியை வெட்டப் போய்விட்டார்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதினால் போதும். கவர்கூட வேண்டாம், கார்டில் எழுதுங்கள்.

தையல்காரி


மார்ச் 17

என் தையல்காரிக்கு,

இல்லை.

ஒரு வார்த்தை கேட்டாய், அது அதுதான். ஆனால் கார்டில் எழுத முடியவில்லை. கார்டை வழியில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள்.

நான் அந்தக் கடிதத்தை எழுதிய அன்றைக்கு நாற்பதடியில் மண் ஈரமாக இருந்தது. பிடித்தால் உருண்டையாக நின்றது. தச்சர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் நாலு நாள்ல கால் நனைஞ்சுரும் பாருங்க," என்றார். நாலு நாள்தானே என்று முந்தியே எழுதிவிட்டேன். கொத்தனார் புத்தி. வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் போட்டிருக்கிறேன். யாரும் செத்துப் போகவில்லை. அதே வாயால் இதையும் சொன்னேன்.

நாற்பத்தி மூன்றாவது அடியில் பாறை. அதற்குப் பிறகு ஈரமும் இல்லை. ஐம்பத்திரண்டு அடி வரை உளியும் சம்மட்டியுமாக இறங்கியிருக்கிறேன். வெள்ளையாகப் பொடி வருகிறது, அவ்வளவுதான். தச்சர் மனைவி ஒரு நாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். தச்சர் பின்னாலேயே போனார். போனவர்கள் வரவில்லை. இப்போது நானே கீழே வெட்டி, நானே ஏறி வந்து, நானே கூடையை இழுக்கிறேன். தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வரும். அன்றைக்கு மட்டும் டிரைவர் கொஞ்சம் கை கொடுப்பார்.

லாரி வந்தால் ஒரு மனைக்கு ரெண்டு குடம். ஒரு குடம் சுவருக்கு. சிமெண்டுச் சுவருக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் விரிசல் விட்டுவிடும், உனக்குத் தெரியும். சுவர் குடித்தது போக மிச்சம் எனக்கு. சுவர் மார்பு உயரம் இல்லை. முழங்கால் உயரம்.

ஏன் எழுதினேன் என்று கேட்பாய். நீ வர மாட்டாய் என்று பயந்து எழுதினேன். ஜூன் முப்பது வந்து, பட்டா ரத்தாகி, நான் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பவும் உன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். அந்தத் தெருவில் இன்னொரு முறை அப்படி நிற்க என்னால் முடியாது.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். ஒன்பது பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். நீ வந்தால் பத்து. பத்துக் கையெழுத்து விழுந்தால் ஒரே மாதத்தில் மெஷின். உத்தரவை என் கண்ணால் பார்த்தேன், அதில் பொய் இல்லை. மெஷின் வந்தால் தண்ணீர் வரும். தண்ணீர் வந்துவிட்டால் நான் எழுதியது உண்மையாகிவிடும், கொஞ்சம் தாமதமாக. ஒரு மாதம் லாரித் தண்ணீரில் எல்லோரும் சமாளித்துக்கொள்ளலாம். பின்னால் வருகிற பிள்ளைகள் நம்மைத்தான் முதலில் வந்தவர்கள் என்று சொல்லும். கிணறு எந்தத் தேதியில் ஊறியது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

உண்மையைச் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள். ஒருவரும் வராவிட்டால் மெஷினும் வராது. தண்ணீர் இல்லாததால் ஆள் இல்லை, ஆள் இல்லாததால் தண்ணீர் இல்லை என்று இந்த இடம் இப்படியே கிடக்கும்.

அதனால் இந்தக் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோகாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். கிழித்துப் போட்டுவிடு.

உன்,
கொத்தனார்


மார்ச் 28

என் தையல்காரிக்கு,

என் போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை எழுதுகிறேன்.

முந்தாநாள் எலெக்ட்ரீஷியனும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆறு மைல் நடந்து வந்திருக்கிறார்கள். அவர் வயர் சுருளைத் தோளில் மாட்டியிருந்தார். இங்கே கரண்டுக் கம்பமே கிடையாது என்பதை நான் எழுதவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பெண் இடுப்பில் ஒரு மூட்டை வைத்திருந்தாள். நாலு நாள் பயணத்து அழுக்குத் துணி. வந்ததும், உட்காரக்கூட இல்லை, "அண்ணே, கிணறு எங்க? இத ஒரு அலசு அலசிட்டு வந்துர்றேன்," என்றாள்.

நான் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே தேடிப் போனாள். எட்டிப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டாள். கல் பாறையில் விழுந்து தெறித்த சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் திரும்பி வந்து, "கடுதாசியில இனிப்புத் தண்ணின்னு எழுதியிருந்தீங்களேண்ணே," என்றாள். கத்தவில்லை. தன் மேல் ஏதாவது தப்பு இருக்குமோ, தான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்கிற மாதிரிக் கேட்டாள். அவள் புருஷன் வயர் சுருளைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பங்கிலிருந்து ஒரு குடம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். துணி துவைக்கவில்லை. மூட்டை இன்னும் அவிழ்க்காமல் கிடக்கிறது.

திரும்பிப் போக அவர்களுக்கு வழி இல்லை. அங்கே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். பன்னிரண்டாம் மனையில் தச்சர் விட்டுப்போன கொட்டகையில் இருக்கிறார்கள்.

இனி இன்னும் எட்டுப் பெண்கள் அந்தக் கிணற்றை வந்து எட்டிப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியாது. உன் அண்ணி பார்ப்பதை நிச்சயமாக முடியாது.

கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தால் கடைக்குக் கொண்டுபோ. எல்லோரையும் உட்கார வைத்துப் படி. மெஷின் வராவிட்டால் போகட்டும். பட்டா போனால் போகட்டும். நீ வராவிட்டால், அதையும் நான்தான் சம்பாதித்துக்கொண்டேன்.

கொத்தனார்


ஏப்ரல் 6

கொத்தனாருக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. அது வருவதற்கு ஆறு நாள் முன்பே நான் படித்து முடித்துவிட்டேன்.

முழுக்க எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி வாங்கிவிட்டேன், அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து நாள் மிஷின் டிராயரில் பாபின்களுக்குக் கீழே கிடந்தது. எலெக்ட்ரீஷியன் கிளம்பிப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அவர்களை நிறுத்த வழியில்லை. மற்ற எட்டுப் பேரை நிறுத்த வழியிருந்தது. நான் நிறுத்தவில்லை. ஐந்து நாளும் என்ன செய்தேன் தெரியுமா? அவர்களுக்குப் பயணத்துணி தைத்தேன். எல்லோரும் என்னிடம்தானே வருவார்கள். இஸ்திரிக்காரர் மனைவி பிள்ளைகளுக்குச் சட்டை அளவு கொடுத்துவிட்டு, "கீழ நல்லா மடிச்சுத் தைங்கக்கா. அங்க போனா புள்ளைங்க நல்லா வளரும், பிரிச்சு விட்டுக்கலாம்," என்றாள். மடித்துத் தைத்துக் கொடுத்தேன். நாலு விரல் மடிப்பு. மனசுக்குள் மெஷின் வந்துவிடும், மெஷின் வந்துவிடும் என்று உங்களை மாதிரியே சொல்லிக்கொண்டேன். உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் அண்ணி வந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துணி வேண்டுமாம். நான் அழுக்குத் தெரியாத நிறத்தில் ஒரு துண்டை எடுத்துக் காட்டினேன். "எதுக்கு இது? அங்கதான் தண்ணி தாராளமாச்சே, வெள்ளையிலயே தைச்சுரு. தெனம் தொவச்சுக்கிறேன்," என்றாள். வெள்ளைத் துணியை என் கையில் கொடுத்துவிட்டு ஆசையாகத் தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கத்தரி வைக்கக் கை வரவில்லை.

அன்று சாயங்காலமே எல்லோரையும் கடைக்கு வரச் சொன்னேன். கட்டிங் மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடையின் ஒரு கதவைச் சாத்தினார். ஸ்டூல் போட்டார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே படித்தேன். ஒரு வரி விடவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்க முடியாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதையும் அண்ணன் எதிரிலேயே படித்தேன். கடைக்குக் கொண்டுபோகாதே என்பதையும் படித்தேன்.

முடித்ததும் இஸ்திரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அந்தக் கிணறு?"

"கிணறு இல்ல. குழி," என்றேன்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உங்களை என்னென்ன சொன்னார்கள் என்று எழுத மாட்டேன், நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், எதையும் குறைவாக ஊகிக்க வேண்டாம். இஸ்திரிக்காரர் மனைவி சட்டைகளைக் கொண்டு வந்து என் மேஜை மேல் போட்டாள். "மடிப்பு வச்சுக் குடுத்தீங்களேக்கா. நான் சொன்னதக் கேட்டுக்கிட்டே குடுத்தீங்களே," என்றாள்.

அண்ணன் மட்டும் கத்தவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

ஐந்து நாளாகத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதுவே போதுமான தண்டனையாக இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு உங்கள் பொய்யைப் படித்துவிட்டு என் பொய்யை மடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. "மொத நாளே தெரியும்," என்றேன்.

ஆமாம். முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். இரண்டு வேளை குளிக்கிறேன் என்று படித்தபோது சிரித்தேன் என்று எழுதினேன் அல்லவா? அந்த இடத்திலேயே பொய் என்று பிடிபட்டது. ஆறு கிணறு இருந்தாலும் நீங்கள் ஒரு வேளைக்கு மேல் குளிக்கிற ஆள் இல்லை. பொய் சொல்லும்போதுதான் உங்களுக்குக் கை தாராளமாகும். தெரிந்தும் இன்னொரு வாட்டி படி என்றபோது படித்தேன். ஏன் என்றால், நீங்கள் போன நாளிலிருந்து குழாயடியில் என்னைப் புருஷன் விட்டுட்டுப் போனவ என்றுதான் பேசினார்கள். என் காது கேட்கப் பேசினார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. பிறகு உங்களிடம் கிணறு பற்றிக் கேள்வி கேட்டதெல்லாம், நீங்கள் இன்னொரு பொய் எழுதி என்னைக் காப்பாற்றுவீர்கள் என்றுதான். கார்டில் எழுதச் சொன்னேனே, அப்போதும் ஆமாம் என்று எழுதிவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

இப்போது சொல்லுங்கள், நம்மில் யார் பெரிய ஆள்?

எலெக்ட்ரீஷியன் மனைவி கல்லைப் போட்ட பிறகுதான் உங்களுக்குப் படிக்கச் சொல்லத் தோன்றியது. ஒரு முகத்தைப் பார்த்ததும் தாங்கவில்லை உங்களுக்கு. எனக்கு இங்கே தினமும் எல்லா முகமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் குத்துவதற்காகவும் எழுதுகிறேன்.

அண்ணன் எழுந்து போய்விட்டார். காலி சலூனில், நாற்காலி இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு வைத்தால் அண்ணியிடம், "அவள வைக்கச் சொல்லாத," என்றார். ஐந்தாம் நாள் காலையில் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் கட்டிங் மாஸ்டரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"அறையக் காலி பண்ணியாச்சு. நாற்காலி போயிருச்சு. இங்க இருந்து நான் என்ன பண்ண? தண்ணி இருக்குன்னு நம்பிப் போயிருந்தா ஏமாந்தவன். இல்லன்னு தெரிஞ்சே போனா ஏமாந்தவன் இல்ல. நான் போறேன். பாறைய ஒடைக்க ரெண்டு கை இருக்கு."

இஸ்திரிக்காரரும் வருகிறார். அவர் மனைவிக்கும் அவருக்கும் நடந்த சண்டை ஓய்ந்து, கடைசியில் அவள்தான் கிளம்புவோம் என்றாளாம். சட்டைகளைத் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனாள். என்னோடு பேசவில்லை. மற்ற ஆறு குடும்பமும் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் நான் இனி விழிக்க முடியாது. விழிக்கவும் போவதில்லை, ஏனென்றால் நானும் வருகிறேன்.

பட்டாவுக்காக வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் பெண் நான் படித்துக் காட்டியதைக் கேட்டுத்தான் மூட்டையைக் கட்டினாள். அந்த மூட்டை அவிழ்க்காமல் கிடக்கும்போது நான் இங்கே பட்டன் தைத்துக்கொண்டு இருக்க முடியாது.

ஆக, நாம், எலெக்ட்ரீஷியன், அண்ணன், இஸ்திரிக்காரர். நாலு குடும்பம். பத்து இல்லை. மெஷின் வராது. குமாஸ்தாவிடம் போய் எண்ணிக்கையில் எதையும் கூட்டிச் சொல்லி வைக்காதீர்கள். நாலு என்றே சொல்லுங்கள். நாலு பேரும் சேர்ந்து அவர் மேஜைக்கு முன்னால் தினமும் போய் நிற்போம், பத்தாகும் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்போம். வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

அண்ணி இப்போது வரவில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணனுக்குப் புது மனை என்பதால் அவளுக்கு ஆறு மாதம் தவணை உண்டு. கிளம்பும்போது என்னிடம், "புள்ளையக் குளிப்பாட்டத் தண்ணி இருந்தா நீ எழுது, வர்றேன். அவரு எழுதினா வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னை அவள் எப்படி நம்புகிறாள் என்று தெரியவில்லை. நம்பிக்கை கெடாமல் இருக்க வேண்டும் என்று பயமாக இருக்கிறது.

இருபதாம் தேதி மத்தியான பஸ்ஸில் வந்து இறங்குவோம். நிறுத்தத்துக்கு நீங்கள் வர வேண்டாம் என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். வாருங்கள். எலெக்ட்ரீஷியனுக்குப் பின்னால் ஒளியாமல் முன்னால் நில்லுங்கள். அண்ணன் இறங்கியதும் உங்களை அடிப்பார் என்று நினைக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன். அழவும் மாட்டேன். அவர் அடித்து முடித்த பிறகு, மிஷினை ஒரு பக்கம் அவர் பிடிக்கட்டும், இன்னொரு பக்கம் நீங்கள் பிடியுங்கள். ஆறு மைல் நடக்க வேண்டும். அது ஒருவரால் தூக்க முடியாத கனம்.

தையல்காரி